சைபரில் நின்ற முள்

காரைக்கால்,
6-5-2024

அண்ணிக்கு,

வணக்கம். உங்கள் கடை ரெகுலேட்டரை இந்தப் பார்சலில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இது இரண்டாவது. முதலாவதிலேயே சந்தேகம் இருந்தது, சொல்லவில்லை.

வண்டி அஞ்சலாட்சி என்கிற அம்மாவுடையது. பழைய பெட்ரோல் வண்டி, சொந்த டாக்சி, தானே ஓட்டுகிறது. வாரத்தில் இரண்டு நாள் இங்கிருந்து நாலு கேன்சர் பேஷண்டுகளைப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு மருந்து ஏற்ற அழைத்துப்போய், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுகிறது. இந்த வண்டிக்குக் கம்பெனி ரெகுலேட்டர் வருவது நின்றுபோனது. திருகு வைத்த மாற்று ரெகுலேட்டர் உங்கள் கடையில்தான் இருக்கிறது. இல்லையென்றால் நான் ஏன் உங்களிடம் வரப்போகிறேன்.

காலையில் வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. வெயில் ஏறி எங்கேயாவது இன்ஜினை ஓடவிட்டு நின்றால் திக்குகிறது, கரும்புகை விடுகிறது, பிறகு அணைந்துவிடுகிறது. உடனே ஸ்டார்ட் ஆவதில்லை. பிளக்கைக் கழற்றினால் நாலும் கரி. பெட்ரோல் அதிகமாக இறங்குகிறது என்பது குழந்தைக்கும் தெரியும். நான் அழுத்தத்தை நாற்பத்து மூன்று பாயின்டில் செட் பண்ணியிருக்கிறேன். அதற்குமேல் இறங்கினால் அது சாமானின் தப்பு.

"அந்தச் சின்ன டப்பா என்னதான் பண்ணுது?" என்று அந்த அம்மா கேட்டது. பம்பு தள்ளுகிற பெட்ரோலில் வேண்டியதை இன்ஜினுக்கு விட்டு, மிச்சத்தை டேங்குக்கே திருப்பி அனுப்பும் என்றேன். "அப்ப நம்ம வாட்ச்மேன் தூங்குறாரு" என்றது.

வேறு கம்பெனி சாமான் இருந்தால் அனுப்பவும். போனில் பேசலாமே என்று நினைப்பீர்கள். பேசினால் எங்கே போய் முடியும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். பார்சலோடு ஒரு சீட்டு போதும்.

ராஜவேல்


புதுச்சேரி,
8-5-2024

ராஜவேலுக்கு,

போட்டுக் கழற்றின சாமானைக் கடையில் திருப்பி எடுப்பதில்லை. நீயே அந்தப் போர்டை எழுதி மாட்டியவன். இருந்தாலும் பிரித்துப் பார்த்தேன்.

உள்ளே இருக்கிற சவ்வு கிழிந்திருந்தால், இன்ஜின் காற்றை உறிஞ்சுகிற வேக்குவம் டியூப் மாட்டுகிற மூக்கில் பெட்ரோல் கசிந்திருக்கும். துணியைச் சுருட்டி விட்டுப் பார்த்தேன், காய்ந்துதான் இருந்தது. வாயால் இழுத்தும் பார்த்தேன். நன்றாகப் பிடித்து நிற்கிறது. சாமான் நல்ல சாமான்.

ஆனால் திருகு எங்கே நிற்கிறது என்று பார்த்தாயா? கம்பெனியிலிருந்து வரும்போது பாதியில் இருக்கும். உன்னுடையது ஏறக்குறைய அடி வரைக்கும் உள்ளே போயிருக்கிறது. அவ்வளவு முறுக்கினால் எந்த வாட்ச்மேனும் கதவைத் திறக்க முடியாமல்தான் நிற்பான். நாற்பத்து மூன்றுக்கு அவ்வளவு திருகு வேண்டியதில்லை. வேக்குவம் டியூபைக் கழற்றி அடைத்துவிட்டு செட் பண்ணினாயா, மாட்டியபடியே பண்ணினாயா? மாட்டியபடி பண்ணினால் முள் குறைவாகக் காட்டும், நிஜத்தில் எட்டு பாயின்ட் கூடிப்போகும்.

வேறு கம்பெனி சாமான் இருக்கிறது, அனுப்பியிருக்கிறேன். இதைவிட மட்டம். நீ கேட்டாய், அதனால் அனுப்புகிறேன்.

பாக்கியலட்சுமி


காரைக்கால்,
11-5-2024

அண்ணிக்கு,

டியூபைக் கழற்றாமல் செட் பண்ணுவதற்கு நான் நேற்று ஸ்பேனர் பிடித்தவன் இல்லை. பம்பு ஃபியூசைப் பிடுங்கி இன்ஜின் தானாக அணைகிற வரைக்கும் ஓடவிட்டு, லைனில் இருக்கிற அழுத்தத்தை இறக்கிவிட்டுத்தான் அழுத்தம் பார்க்கிற கேஜை மாட்டுவேன். பிறகு ஃபியூசைப் போட்டு, ஸ்டார்ட் பண்ணி, டியூபைக் கழற்றி வாயை அடைத்து, லாக் நட்டைத் தளர்த்தி, திருகைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்புவேன். அண்ணன் சொல்லிக்கொடுத்த மாதிரி, ஒரு படியையும் விட்டதில்லை. முள் நாற்பத்து மூன்றில் நிற்கிறது. திருகு எவ்வளவு உள்ளே போனது என்பது உங்கள் சாமானின் ஸ்பிரிங்கைக் கேட்க வேண்டிய கேள்வி.

நீங்கள் அனுப்பிய மட்டச் சாமானையும் போட்டேன். அதற்கும் திருகு உள்ளேதான் போகிறது. அதே கரி, அதே புகை.

நேற்று கடலூர் ரயில்வே கேட்டில் வண்டி நின்றுவிட்டது. கேட் போட்டிருந்தது, ஏசிக்காக அந்த அம்மா இன்ஜினை ஓடவிட்டிருக்கிறது. அணைந்ததும் வண்டிக்குள்ளே பெட்ரோல் வாடை. மருந்து ஏற்றிக்கொண்டு வருகிறவர்களுக்கு வாடையே ஆகாது. சின்னப்பாப்பா என்கிற வயதான அம்மா சீட்டிலேயே வாந்தி எடுத்துவிட்டார். கேட் திறந்ததும் பின்னால் இருந்தவன் எல்லாம் ஹாரன். அஞ்சலாட்சி இறங்கி, "அவ்ளோ அவசரம்னா வந்து தள்ளுங்கய்யா, சும்மா ஹாரனை அமுக்குறீங்க" என்று சத்தம் போட்டு, அவர்களை வைத்தே தள்ளி ஓரம் கட்டியிருக்கிறது. என்னிடம் வந்து சத்தம் போடவில்லை. "மாசக் கடைசி வரைக்கும் பாக்குறோம்னு சொல்லிட்டாங்க தம்பி. அப்புறம் வேற வண்டி வெச்சிக்குவாங்களாம்" என்று மட்டும் சொன்னது. அந்த நாலு பேர் போனால் அந்த அம்மாவுக்கு வண்டியை வைத்துக்கொண்டு இருக்க வழியில்லை.

நீங்கள் எழுதியதைப் படித்தபோது அண்ணனின் தட்டாஞ்சாவடி ஷெட்டில் நிற்கிற மாதிரியே இருந்தது. அன்றைக்கும் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா ராஜாங்கம், நான் செட் பண்ணிக்கொடுத்த வண்டியின் இதே மாதிரி கரி பிடித்த பிளக்கைத்தான் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஷெட்டே பார்த்துக்கொண்டிருந்தது. நீங்கள் அவரிடம் என்ன சொன்னீர்கள்? "சாமான் நல்ல சாமான், கைதான் சரியில்ல." இப்போதும் சாமான் நல்ல சாமான்தான்.

ராஜவேல்


புதுச்சேரி,
14-5-2024

ராஜவேலுக்கு,

பழசை எழுதி என்னை மடக்கப் பார்க்காதே. சொன்னேன், இல்லையென்று சொல்லவில்லை. பிரெஞ்சுப் பென்ஷன் வாங்குகிற மனுஷன், ஊரெல்லாம் பேசுகிறவர், கடைச் சாமான் போலி என்று கிளப்பிவிட்டிருந்தால் அந்த வருஷமே கடையை மூடியிருப்பேன். உங்கள் அண்ணன் நம்மை விட்டுப் போய் அப்போது ஆறு மாதம்கூட ஆகவில்லை. கடை நின்றால் ஷெட்டும் நிற்கும். அந்தக் கணக்கில் பேசினேன். நீ அன்றைக்குச் சாயங்காலமே சாவியை மேஜையில் வைத்துவிட்டுப் போனாய்.

அது கிடக்கட்டும். நீ சாமான் என்கிறாய், நான் திருகு என்கிறேன். சீட்டெழுதி வண்டி சரியாகாது. அந்த வண்டிதான் வாரத்துக்கு இரண்டு தடவை இந்த ஊருக்கு வருகிறதே. பேஷண்டுகள் ஆஸ்பத்திரியில் இருக்கிற நேரத்தில் கடைக்குக் கொண்டுவரச் சொல். நல்ல சாமானையே திரும்பப் போட்டு அனுப்பு. என்னிடம் புது கேஜ் இருக்கிறது. நானே மாட்டிப் பார்க்கிறேன்.

பாக்கியலட்சுமி


புதுச்சேரி,
17-5-2024

ராஜவேலுக்கு,

இதை அஞ்சலாட்சி கையிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

வண்டி பதினொரு மணிக்கு வந்தது. நீ சொன்ன முறைப்படியே கேஜை மாட்டினேன். டியூப் கழற்றி அடைத்த நிலையில் ஐம்பத்தெட்டு. நாற்பத்து மூன்று இல்லை, ஐம்பத்தெட்டு. அஞ்சலாட்சியையும் கூப்பிட்டுக் காட்டினேன், பிறகு நான் சொன்னேன் என்று ஆகக்கூடாது பார்.

"இதுல எவ்ளோ இருக்கணும்கா?"

"நாப்பத்தி மூணு."

"அப்ப இது இன்ஜினுக்கு ஓவராத்தான் ஊட்டுது."

திருகை வெளியே எடுத்து நாற்பத்து மூன்றுக்குக் கொண்டுவந்தேன். கிட்டத்தட்ட பாதித் திருகில் வந்து நின்றது, கம்பெனி வைத்த இடம். டியூபை மாட்டியதும் முப்பத்தைந்துக்கு இறங்கியது. சரியாக இருக்கிறது. பிளக்கைத் துடைத்துப் போட்டு, கடை வாசலில் வெயிலில் அரை மணி ஓடவிட்டோம். திக்கவில்லை. "சத்தமே இல்ல, ஆஃப் ஆயிடுச்சோன்னு பாத்தேன்" என்றாள்.

ஆக, நீ திருகை வைத்த இடம் தப்பு. உன் கேஜில் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. அதை எனக்கு அனுப்பு.

பாக்கியலட்சுமி


காரைக்கால்,
19-5-2024

அண்ணிக்கு,

வண்டி வந்ததும் என் கேஜை மாட்டினேன். இருபத்தெட்டு காட்டுகிறது. இருபத்தெட்டில் நாலு பேரும் ஏசியுமாக அந்த வண்டி பாலம் ஏறாது. திரும்ப நாற்பத்து மூன்றுக்குக் கொண்டுவந்துவிட்டேன். புது கேஜ் என்றால் உண்மை சொல்லும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? டப்பாவில் வருகிற புதுச் சாமானில் பாதி எப்படி இருக்கும் என்று விற்கிற உங்களுக்கே தெரியும்.

என் கேஜைச் சந்தேகப்படாதீர்கள். கழற்றி வைத்தால் முள் சரியாக சைபரில் நிற்கிறது. ஒரு கோடு முன்னே பின்னே இல்லை. கெட்டுப்போன கேஜ் சைபருக்கு வராது.

அனுப்பவும் மாட்டேன். ஷெட்டை விட்டு வந்தபோது ஜாக்கி, ஸ்பேனர் செட், கம்ப்ரஸர் எல்லாவற்றையும் வைத்துவிட்டு இது ஒன்றைத்தான் எடுத்துவந்தேன். அண்ணன் கடைசியாகக் கையில் வைத்திருந்தது. நீங்கள் அப்போது கேட்கவில்லை. இப்போது சந்தேகம் என்று பேர் வைத்துக் கேட்கிறீர்கள்.

ராஜவேல்


புதுச்சேரி,
22-5-2024

ராஜவேலுக்கு,

நீ திருகைத் திரும்ப உள்ளே விட்டாய். நேற்று சிதம்பரம் தாண்டி வண்டி நின்றது. அஞ்சலாட்சி பேஷண்டுகளைக் கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றி அனுப்பியிருக்கிறாள். எனக்குப் போன் பண்ணி, "அக்கா, நீங்க ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வாங்க. நடுவுல நான் பெட்ரோல் குடிக்கிறேன்" என்றாள். மாசக் கடைசிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.

கேஜை எனக்கு வைத்துக்கொள்ளக் கேட்கிறேன் என்று நினைக்கிறாய். அவருடையது எனக்கு வேண்டுமென்றால் நீ கையில் எடுத்த அன்றைக்கே கேட்டிருப்பேன். நீ எடுத்ததைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். நீ எடுத்தது சரி என்றுதான் விட்டேன்.

என் கேஜ் ஒன்று சொல்கிறது, உன் கேஜ் ஒன்று சொல்கிறது. இரண்டுக்கும் நடுவில் பதினைந்து பாயின்ட். நீயும் நானும் பேசி எது உண்மை என்று முடிவாகாது. தட்டாஞ்சாவடியில் சக்கரபாணி என்று ஒருவர், ஃபாக்டரி பாய்லர்களின் கேஜை எல்லாம் சோதித்து முத்திரை போட்டுத் தருகிறவர். உன்னையும் தெரியாது, என்னையும் தெரியாது. இரண்டு கேஜையும் அவரிடம் தருவோம். என்னுடையது பொய் என்றால் அன்றைக்கு சொல்தா முன்னால் சொன்னதை அவர் முன்னாலேயே போய்த் திருப்பி வாங்கிக்கொள்கிறேன். உன்னுடையது பொய் என்றால் நீ ஒன்றும் செய்ய வேண்டாம், வண்டியைச் சரி பண்ணு.

பாக்கியலட்சுமி


காரைக்கால்,
24-5-2024

அண்ணிக்கு,

கேஜை அஞ்சலாட்சியிடம் கொடுத்திருக்கிறேன். பஸ்ஸில் போட மனசில்லை. கண்டக்டர் டூல்ஸ் பெட்டியில் எறிவான்.

பழைய பனியன் சுற்றியிருக்கிறேன். ஓஸ் குழாயைப் பிடித்துத் தூக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள், கேஜைப் பிடித்துத் தூக்கச் சொல்லுங்கள்.

அது பொய் சொல்லாது.

ராஜவேல்


புதுச்சேரி,
28-5-2024

ராஜவேலுக்கு,

நேற்று சக்கரபாணியிடம் போனேன். அஞ்சலாட்சியும் கூட வந்தாள். "என் வண்டி வழக்கு, நானும் பாக்கணும்" என்றாள்.

அவரிடம் கையால் அழுத்துகிற எண்ணெய்ப் பம்பு ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் அவருடைய மாஸ்டர் கேஜ், மறுபக்கம் நாம் கொடுப்பது. முதலில் என்னுடையதை மாட்டினார். மாஸ்டர் பத்து என்றால் இதுவும் பத்து, நாற்பது என்றால் நாற்பது. மேலே போனால் ஒன்று குறைகிறது. பரவாயில்லை என்றார்.

பிறகு உன்னுடையதை மாட்டினார். மாஸ்டரில் ஐந்து. உன் முள் சைபரில். பத்து. சைபரில்தான். "வேலை செய்யுதாய்யா இது?" என்று அஞ்சலாட்சி கேட்டாள். அவர் மெல்ல அழுத்திக்கொண்டே போனார். மாஸ்டர் பதினைந்தைத் தொட்டபோதுதான் உன் முள் சைபரை விட்டு எழுந்தது. அதற்கப்புறம் ஒழுங்காகப் போனது, பதினைந்து பாயின்ட் பின்னாலேயே. மாஸ்டர் ஐம்பத்தெட்டு என்றபோது உன்னுடையது நாற்பத்து மூன்று.

கண்ணாடியைக் கழற்றிக் காட்டினார். சைபர் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி ஆணி இருக்கிறது, முள் அதற்குக் கீழே போகாமல் தாங்குவதற்கு. அந்த ஆணியை இடுக்கியால் எடுத்தார். முள் சைபருக்குக் கீழே இறங்கி, எழுத்தே இல்லாத இடத்தில் போய் நின்றது. இத்தனை நாள் அது அங்கே நிற்க வேண்டியது. ஆணி தாங்கிப் பிடித்ததால் சைபரில் இருக்கிற மாதிரி காட்டியிருக்கிறது. நீ சைபரைப் பார்த்து நம்பியதில் தப்பில்லை, யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள்.

"எங்கியாச்சும் கீழ விழுந்துதா?" என்று கேட்டார்.

விழுந்தது என்றேன். எப்போது என்று அவர் கேட்கவில்லை. உனக்கும் எனக்கும் தெரியும். பானட்டுக்குள் குனிந்திருந்தவர் சாய்ந்தபோது கையில் இதுதான் இருந்தது. சிமெண்ட் தரையில் விழுந்தது. நீதான் எடுத்தாய். மறுநாள், கண்ணாடிகூட உடையவில்லை அண்ணி என்று என்னிடம் சொன்னாய்.

அதற்கப்புறம் நீ செட் பண்ணிய முதல் திருகு ரெகுலேட்டர் சொல்தா வண்டி.

இனி வேலையைப் பார். என் புது கேஜை இத்துடன் அனுப்புகிறேன், சக்கரபாணியின் முத்திரையோடு. அஞ்சலாட்சி வண்டியை நான் நேற்றே செட் பண்ணிவிட்டேன். நீயும் ஒரு தடவை பார்த்துக்கொள். இந்தப் பழைய கேஜை வைத்து அங்கே எத்தனை வண்டி பண்ணினாயோ, எல்லாவற்றையும் கூப்பிட்டுத் திருப்பி செட் பண்ணு. சும்மா பண்ணு, காசு வாங்காதே. பிரஷர் இல்லை, பம்பு வீக் என்று நீ இங்கே ஷெட்டில் இருந்தபோது மாற்றிய பம்புகளில் பாதி நல்ல பம்பாக இருந்திருக்கும். ஒரே ஷெட்டுக்கு இவ்வளவு பம்பு எதற்கு என்று எனக்கே ஒருமுறை தோன்றியது. வியாபாரம் நடக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

முள்ளைப் பிடுங்கி சரியான இடத்தில் குத்தித் தருகிறேன், புதுசு மாதிரி ஆகிவிடும் என்றார் சக்கரபாணி. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கண்ணாடியை மட்டும் திரும்பப் போட்டு வாங்கிவந்தேன். உனக்கு வேண்டுமென்றால் சொல், அனுப்புகிறேன்.

பாக்கியலட்சுமி


காரைக்கால்,
3-6-2024

அண்ணிக்கு,

புது கேஜ் வந்தது. அஞ்சலாட்சி வண்டியில் மாட்டினேன், நாற்பத்து மூன்று. நான் திருகைத் தொடவில்லை. போன இரண்டு டிரிப்பும் ஏசி போட்டுக்கொண்டே போய்வந்தது. கடலூர் கேட் மறுபடியும் போட்டிருந்ததாம். இன்ஜினை வேண்டுமென்றே ஓடவிட்டுப் பார்த்திருக்கிறது. சின்னப்பாப்பா அம்மா தூங்கிக்கொண்டே வந்தாராம். இந்த மாசமும் இதே வண்டி என்று சொல்லிவிட்டார்கள்.

இங்கே அந்தக் கேஜில் செட் பண்ணின வண்டிகளில் மூன்று திரும்ப வந்தன. மூன்றும் ஐம்பத்தெட்டு. இறக்கிவிட்டேன். ஒருத்தன், "மைலேஜ் கொறைஞ்சுதுன்னு ஒரு வருஷமா பங்க்காரன்கிட்ட சண்ட போட்டுக்கினு இருந்தேன்" என்றான். காசு வாங்கவில்லை.

நீங்கள் எழுதாத ஒன்றை அஞ்சலாட்சி சொன்னது.

சக்கரபாணியிடமிருந்து திரும்பும்போது வண்டியை நேரே சொல்தா வீட்டுக்கு விடச் சொன்னீர்களாம். உங்கள் கேஜ் பொய் என்றால்தான் போவதாகப் பேச்சு. பொய் என்னுடையது. நீங்கள் போக வேண்டியதே இல்லை. அவர் பேரப்பிள்ளைகள், மருமகன் எல்லோரும் ஹாலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்களாம். நீங்கள் உட்காரவில்லையாம்.

"அன்னிக்கு உங்க வண்டி விஷயத்துல கைதான் சரியில்லன்னு சொன்னேன். கை சரியாத்தான் இருந்துது" என்றீர்களாம்.

"மதாம், அந்த வண்டிய நான் வித்து ரெண்டு வருஷம் ஆச்சே" என்றாராம் அவர்.

"வண்டிக்காக வரல" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டீர்களாம். அஞ்சலாட்சி உங்களை மாதிரியே பேசிக்காட்டியது. நன்றாகவே பேசுகிறது.

கேஜை அனுப்ப வேண்டாம். முள்ளை மாற்றாமல் விட்டது நல்லது. கடையில் கல்லாவுக்குப் பின்னால் அண்ணன் போட்டோ மாட்டியிருக்கிற ஆணிக்குக் கீழே இன்னொரு ஆணி இருக்கும், காலண்டருக்கு அடித்தது. அதில் மாட்டுங்கள். ஓஸைப் பிடித்துத் தொங்கவிட வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை அஞ்சலாட்சிக்கு டிரிப் இல்லை. அந்த வண்டியிலேயே மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறேன். நேரத்துக்கு வந்துவிடுவேன். வண்டி வழியில் நிற்காது.

ராஜவேல்